பாங்குக்கு அடித்தவன்

ஓகஸ்ட் 8, வெள்ளி
சோளகக் காற்று உரம். காற்றாலையில் ஏற அனுமதி இல்லை. நாள் முழுக்கக் கீழே, கேபிள் மூட்டு துடைக்கிற வேலை. நானும் றிஸ்வானும். அவன் ஜும்மாவுக்குப் போய்வந்த பிறகு சாப்பாடு. வழக்கம்போல அவன் உம்மா இரண்டு பார்சல் கட்டியிருந்தார்.

ஞாயிறு உதைபந்தாட்ட இறுதி ஆட்டம். எங்கள் ஊரும் அவன் ஊரும். அவன் கோலி, நான் முன்வரிசை. போன வருடம் நான் அடித்த பெனால்டி கம்பத்துக்கு மேலால் காற்றாலைப் பக்கம் போனது. அன்றிலிருந்து அவன் ஊர் முசலிப் பக்கம் எனக்கு ஒரே பெயர்: காத்தாடிக்கு அடிச்சவன்.

“இந்த முறையும் அப்பிடியே அடி மச்சான். திங்கள் மேல ஏறேக்க பந்தை எடுத்துக்கொண்டு இறங்கலாம்.”
“உன்ர வலைக்குள்ள கிடக்கும், அங்க எடு.”

வாங்க: லேஸ், முழங்கால் பட்டி, அம்மாவுக்குப் பிரசர் குளிசை.

ஓகஸ்ட் 9, சனி
காற்று குறையவில்லை. பயிற்சி. கண் நிறைய மணல்.

நடுவர் வெளி மாவட்டமாம். புத்தகத்தில் இருப்பதுதான் சட்டம் என்கிற ஆள். எனக்குப் பிடித்த ஆள்தான். ஆனால் பாங்கு விஷயம் புத்தகத்தில் இல்லையே. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் இங்கே இரண்டு அணியும் அப்படியே நிற்கும். எங்கள் மாதா கோவிலில் திருந்தாதி செப மணி அடித்தால் அவர்களும் நிற்பார்கள். விசில் தேவையில்லை. யாரும் எழுதி வைத்ததும் இல்லை.

நடுவரிடம் சொல்ல வேண்டும் என்றேன். பயிற்சியாளர் பற்றிக் அண்ணைக்கு எரிச்சல்.
“பொழுதுபட முதல் ஆட்டம் முடிஞ்சிடும். உனக்கேன் அந்த வேலை? நீ வலையைப் பார்.”
விட்டுவிட்டேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு
காலைப் பூசை. சீருடைக்குத் தீர்த்தம் தெளிப்பு.

பிரதம விருந்தினர் பிந்தி வந்தார். மாலை, விளக்கு, பேச்சு, இன்னொரு பேச்சு. ஆட்டம் தொடங்கவே வெயில் சாய்ந்துவிட்டது. ஒன்றுக்கு ஒன்று. மேலதிக நேரம்.

பந்து என் காலில். முன்னால் றிஸ்வான் மட்டும். அப்போது பாங்கு.

எல்லோரும் நின்றார்கள். எங்கள் ஆட்களும்தான். றிஸ்வான் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டுத் தலை குனிந்து நின்றான். நடுவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடி வந்தார். விசில் இல்லை.

கரையிலிருந்து பற்றிக் அண்ணை: “விசில் இல்லையடா! அடியடா!”

அடிக்கக்கூட இல்லை. தள்ளினேன். அவன் காலுக்குப் பக்கத்தால் உருண்டு போனது. அப்போதுதான் நிமிர்ந்தான்.

விசில். கோல். எங்கள் பக்கம் வெடி, பப்பரப்பா வாத்தியம். பாங்கு இன்னும் முடியவில்லை. கடைசியில் இரண்டுக்கு ஒன்று, கோப்பை எங்களுக்கு.

நடுவர் செய்தது சரி. சட்டப்படி நான் செய்ததும் சரி. ஒரு வரி பிழை காட்டட்டும் பார்ப்போம்.

அவர்கள் சண்டைக்கு வரவில்லை. வந்திருக்கலாம். றிஸ்வான் வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்தான். எனக்கும். “வாழ்த்துக்கள்” என்றான். மச்சான் என்ற சொல் இல்லை. அவன் பின்னால் நின்ற ஒருவர்: “இனி இவரைக் காத்தாடிக்கு அடிச்சவன் எண்டு சொல்லேலாது. பாங்குக்கு அடிச்சவன்.” யாரும் சிரிக்கவில்லை.

கோப்பையைக் கோவிலுக்குத் தூக்கிப் போனோம். பாதர் வாசலிலேயே நின்றார். “பீடத்தடிக்குக் கொண்டு வராதேங்கோ.” அவ்வளவுதான். கோப்பை இப்போது பற்றிக் அண்ணை வீட்டு அலுமாரிக்கு மேலே.

அம்மா சோறு போட்டார். குளிசை வாங்க மறந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 11, திங்கள்
காற்று விழுந்தது. ஏற அனுமதி. முழங்கால் வீக்கம்.

றிஸ்வான் எனக்கு முதல் வந்திருந்தான். மேலே ஏற முதல் ஒருவர் கொக்கியை மற்றவர் பார்க்க வேண்டும். என் பெல்ட், கயிறு, கொக்கி எல்லாம் இழுத்துப் பார்த்தான். வழக்கத்தை விடக் கவனமாக.

“டேய், கதைக்க வேணும்.”
“என்ர கொக்கியைப் பாருங்கோ.”

பாருங்கோ. ஒன்றாகப் படித்து, ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவன். நேற்று வரைக்கும் எனக்கு ‘வாடா, போடா’தான்.

மேலே போல்ட் இறுக்குகிற வேலை. அவன் பிடிக்க நான் இறுக்க. இறக்கை நிற்பதால் கீழே நாய் குரைப்பதுகூடக் கேட்டது. மத்தியானம் ஊர்ப் பக்கமிருந்து பாங்கு. இந்த நேரத்தில் அவன் எப்போதும் கையை எடுத்துவிடுவான், நானும் எடுப்பேன்.

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். அவன் பிடித்த போல்ட்டை விடவில்லை.

“விசில் அடிச்சதோ? இல்லைத்தானே. இறுக்குங்கோ.”