அப்பா ஊருக்குப் போகவில்லை

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. என் தம்பி சிறப்புப் பயிற்சி மையத்திலிருந்து வந்ததும் சூடு பண்ணிக் கொடுங்கள். நான் வர இருட்டிவிடும்.

அப்பா இறந்த அன்று, "அப்பா ஊருக்குப் போயிருக்கார்"னு அவனிடம் நீங்கள் சொன்னது பாசத்தில்தான். ஆனால் அவன் யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புகிறவன். தானும் ஊருக்குப் போக, தினமும் பையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறான். அதனால்தான் நேற்று உங்களிடம் கத்தினேன். கோபம் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறது.

காலையில் நானே சொல்லிவிட்டேன்.

"அப்பா செத்துட்டார்டா. இனிமே வரமாட்டார்."

"நான் அவர் கண்ணாடிய உடைச்சேனே, அதனாலயா?"

"இல்லடா. அவர் இதயம் நின்னுபோச்சு. உன் மேல தப்பே இல்ல."

நன்றாக அழுதான். பிறகு முகம் கழுவிக்கொண்டு, "அப்ப அவரோட நீலச் சட்டை எனக்கு" என்றான். அதைத்தான் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். கை விரல்கூட வெளியே தெரியவில்லை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அவனும் சிரிப்பான்.

மறுபடி கேட்பான். நீங்களும் இதையே சொல்லுங்கள்.

இன்னொன்று, சொல்லும்போது அழுகை வந்தால் அடக்காதீர்கள். முதுகில் தட்டிக்கொடுப்பான். எனக்கும் தட்டினான், இன்னும் வலிக்கிறது.