ரைன் பாலத்தின் நடுவில்

இஞ்சேருங்கோ,

நேற்று ரொறொன்ரோவுக்குத் திரும்பிவிட்டேன். சுவிஸில் நான் தங்கியிருந்த வீட்டுப் பேர்ணடெற் அக்கா என்னை ரைன் ஆற்று மரப்பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாலத்தின் நடுவில் சுவிஸ் முடிந்து, லீக்டன்ஸ்டைன் என்ற சின்ன நாடு தொடங்குகிறது. நான் பழக்கதோஷத்தில் பாஸ்போட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டேன். கேட்க ஒருவரும் இல்லை. ஒரு பெண் சைக்கிள் கூடையில் பாண் ரொட்டியோடு எல்லையைக் கடந்து போனாள்.

"ரெண்டு நாட்டுக்கும் ஒரே காசு, ஒரே சுங்கம். லீக்டன்ஸ்டைனுக்குத் தூதரகம் இல்லாத இடங்களில அவைக்காகச் சுவிஸ்தான் கதைக்கும்," என்றார் அக்கா.

"அப்ப ஏன் ரெண்டு நாடு?"

"அவைக்குத் தனிய இருக்கத்தான் விருப்பம். அதுக்குக் கோவிச்சுக் கதவைப் பூட்டுறதே?"

லொறிக்குள் ஒளிந்து எல்லை கடந்தவர்கள் அல்லவா நாங்கள்! பிரிந்திருந்தும் இவ்வளவு நம்பலாமா என்று அந்த ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறீர்கள். கீழ்வாசலில் பஸ்ஸர் மணியை அழுத்திவிட்டுக் குளிருக்குள் நிற்கிறீர்கள். நீங்கள் டோர்செட் பார்க் பக்கம் எடுத்த தனி வீட்டிலேயே இருங்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் இந்த ஞாயிறு பஸ்ஸரை அழுத்த வேண்டாம். பூட்டை நான் மாற்றவேயில்லை. உங்களிடம் இருக்கிற திறப்பு இன்னும் திறக்கும்.

நீங்கள் 'இஞ்சேரும்' என்று கூப்பிட்டவள்