ஒரு விரல் பெருசு

ஷார்ஜா

அன்பு ஜெயஸ்ரீ,

நீயும் வெண்பாவும் நல்லா இருக்கீங்களா? அம்மாவுக்கு முட்டிவலி தேவலாமா? எனக்கு ஒரு குறையும் இல்ல.

எங்க ஷெட்டுக்கு ஐம்பது வருஷத்துப் பழைய வேன் ஒண்ணு வந்துச்சு. கதவுங்களோட உள்பக்கப் பலகையெல்லாம் வெடிச்சுப் போயிருந்துச்சு. புதுசு அறுத்து மாட்டுற வேலைய முதல்முறையா என்னை நம்பிக் கொடுத்தாங்க. பழசை வச்சு அளவெடுத்துதான் நாலையும் அறுத்தேன். ஒண்ணுகூட கதவுல உக்காரல. எல்லாமே ஒரு விரல் பெருசு! விருத்தாசலத்துல பத்து வருஷம் பீங்கான் பொம்மைக்கு அச்சு செஞ்ச கை இல்லையா? களிமண்ணு சூளையில வெந்தா சுருங்கும்னு அதுவா கூட்டி அறுத்துடுச்சு. பலகை எங்க சுருங்கும்?

மேஸ்திரி பிரபாகரன் பார்த்துட்டு, "பெருசுதானே, இழைச்சிக்கலாம். சின்னதா அறுத்திருந்தா பலகையும் பாழ், நீயும் ஊருக்குப் போயிருப்ப"ன்னு சிரிச்சாரு. இப்ப நாலும் கச்சிதமா உக்காந்துடுச்சு. நீ பயப்படாத.

மங்கலம்பேட்டை ஜமீல் பாய் ஊருக்குக் கிளம்பி நிக்கிறாரு, அவர்கிட்டதான் இதைக் கொடுக்கறேன். அவர் திரும்பறப்போ, வெண்பா காலை பேப்பர்ல வச்சு வரைஞ்சு அனுப்பு, ஷூ வாங்கணும். நான் வர இன்னும் ஒன்பது மாசம் இருக்குது. களிமண்ணு எவ்வளவு சுருங்கும்னு எனக்குத் தெரியும். புள்ள கால் அதுக்குள்ள எவ்வளவு வளரும்னு நீதான் எழுதணும்.

திருமால்