ஆற்றுப் பக்கத்து வேலி

கரமனை,
புரட்டாசி 9

சிரஞ்சீவி சௌபாக்கியவதி ஜானவிக்கு அப்பா எழுதும் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினம் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். இப்போது விளக்கேற்றுவது நான்தான், தீப்பெட்டியை அம்மாவிடம் கொடுப்பதில்லை. இந்த வேலி விஷயத்தைப் போனில் சொன்னால் அவள் பக்கத்திலிருந்து கேட்பாள், நீயும் பாதியிலேயே 'அதை விடுங்கோப்பா' என்பாய், அதனால் கடிதம்.

வீட்டைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நான் ஆறு வருஷம் மனு எழுதினேனே, சேர்த்ததும் இனி ஒரு ஓட்டைக்கூட யாராலும் அசைக்க முடியாது என்று உன்னிடம் பெருமையடித்தேனே, அது எவ்வளவு உண்மை என்று இந்த வருஷம் ஜூன் மாத இடவப்பாதி மழையில் தெரிந்தது. ஆற்றைப் பார்த்த கொல்லைப்புற மரவேலி மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. புதிது போட அனுமதி கேட்டேன். சத்தியதாஸ் என்ற அதிகாரி வந்தார், மரியாதையான மனுஷர், கொல்லைக்குக்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார். உளுத்துப்போன கட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துவிட்டு, பழைய மரம், பழைய அளவு, பழைய வர்ணம் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கொடுத்தால் கமிட்டி கூடி முடிவெடுக்கும், அதுவரை எதையும் தொடக் கூடாது என்றார். என்ன ஆதாரம் கொடுப்பது? அந்த வேலி, நீ நடக்கத் தொடங்கிய வருஷம் ஆற்றுப் பக்கம் போய்விடுவாயோ என்று நான் ஆசாரியை வைத்து அடித்தது. ஆனால் வீடும் வேலியும் நூற்றைம்பது வருஷப் பழமை என்று மனுவில் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மூன்று மாதமாகக் கமிட்டி கூடவில்லை. போன மாதம் ஒரு காலையில் நான் பால் காய்ச்சிவிட்டுத் திரும்புவதற்குள் அம்மாவைக் காணோம். தெருவெல்லாம் தேடினேன், கோவிலில் கேட்டேன், கொல்லைப் பக்கம் போகத் தோன்றவே இல்லை. அடுத்த தெருவில் வெல்டிங் வேலை செய்யும் வள்ளியூர்க்காரன் லிங்கம் அவளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. "ஆத்துல எறங்கி நின்னாவ சாமி. ஜானவிக்கு ஸ்கூல் பஸ் வரும்னு சொல்லுதாவ" என்றான்.

அன்றைக்கே லிங்கத்திடம் வேலி போடச் சொன்னேன். அவன் சாலைக் கடைத்தெருவிலிருந்து கம்பிவலை கொண்டுவந்து சாயங்காலத்துக்குள் அடித்துவிட்டான். பார்க்கக் கோழிக்கூடு மாதிரிதான் இருக்கிறது. மூன்று மாதம் அசையாத கமிட்டியிடமிருந்து மூன்றே நாளில் நோட்டீஸ் வந்தது, வேலி பாரம்பரிய அழகைக் கெடுக்கிறதாம், ஏழு நாளில் எடுக்க வேண்டுமாம். அழகைப் பற்றிச் சொன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மறுபடி சத்தியதாஸ் வந்தார். இந்தத் தடவை பழைய வேலியின் நிஜ வயசைச் சொல்லிவிட்டேன், வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்தாலும் சரி, வலையைக் கழற்ற மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள் அம்மா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கேட்கக் கூடாதென்று நினைத்து மெதுவாகத்தான் பேசினாள். "கொல்லைக் கதவைச் சாத்திடுங்கோ சார். அந்தாண்டை ஆறு. இவருக்கு இப்பல்லாம் ஒண்ணும் ஓர்மை இல்லை, பாவம். இவருக்காகத்தான் வேலி போட்டிருக்கு."

சத்தியதாஸ் கதவைச் சாத்திக் கொண்டியும் போட்டார். என் முகத்தைப் பார்க்காமலே பேப்பரில் எழுதினார். பழைய வேலியின் தடயங்களைக் காக்கும் தற்காலிகத் தடுப்பு, கமிட்டியின் இறுதி முடிவுவரை தொடரலாம். கமிட்டி எப்போது முடிவெடுக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேலியின் வயசை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அது என் காதில விழல்ல சார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

இப்போது தினம் சாயங்காலம் அம்மா என்னை வேலி ஓரமாக அழைத்துப் போகிறாள். வலையைத் தட்டிக் காட்டி, இனிமேல் உங்களுக்குப் பயமில்லை என்கிறாள். நானும் சரி என்கிறேன்.

குழந்தைக்குக் குளிர் தாக்காமல் பார்த்துக்கொள். நீங்கள் மூவரும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி இருக்க வேண்டும். போன் செய்யும்போது, 'நான் யாருன்னு தெரியறதா' என்று அம்மாவிடம் கேட்காதே, அவளுக்கு வெட்கமாகப் போய்விடுகிறது. ஜானவி பேசறேன் என்று நீயே முதலில் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா
நாகேஸ்வரன்