காசியிலிருந்து சாரநாத்துக்கு நடந்தேன், அண்ணா

என்னோடு கூடப் பிறந்த என் செல்ல அண்ணாவுக்கு,

நீ போய் நான்கு வருடம் ஆகிறது. இன்று உனக்கு ஒரு நல்ல சேதி. நான் சாரநாத்தைப் பார்த்துவிட்டேன். பார்த்தேன் என்று சொன்னால் போதாது, உள்ளே போனேன்.

கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போன நீ, அங்கே புத்தரைக் கும்பிடுகிறவர்களோடு சேர்ந்தாய். புத்தர் முதன்முதலாகப் போதித்த இடம் சாரநாத், பிக்குகளின் மடங்கள் அங்கே இடிந்து கிடக்கின்றன, ஒருநாள் உன்னைக் கூட்டிப்போகிறேன் என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவாய். அவற்றை அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல மனமில்லாமல்தான் நான் எழுத்தே கற்றேன். ஆனால் அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நாகரசம்பட்டியில் நான் வேலை செய்யும் மாந்தோப்பு வீட்டம்மாவை உனக்குத் தெரியுமே. இந்தத் தை மாதம் அவர் காசிக்குக் கிளம்பினார். மூட்டை சுமக்க, பாத்திரம் துலக்க என்னையும் கூட்டிக்கொண்டார். ஜோலார்ப்பேட்டையில் ரயில் ஏறியதிலிருந்து என் மனசு காசியில் இல்லை. அங்கிருந்து சாரநாத் ஐந்தாறு மைல்தான் என்று நீ எழுதியது அப்படியே நினைவிருந்தது.

காசியில் சத்திரத்துக்கு வந்த மூன்றாம் நாள், சாரநாத் போய்வர ஒரு பகல் மட்டும் விடும்படி கேட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அங்க என்னா இருக்குது? இடிஞ்ச செங்கல்லு. போறதுன்னா அப்படியே போயிடு. திரும்பி எங்கிட்ட வராத.”

பாஷை தெரியாத ஊர். ஊர் திரும்ப வேண்டிய டிக்கெட்டும் அவர் கையில். பயமாக இல்லையா என்று கேட்பாய். பயம்தான் அண்ணா. ஆனாலும் விடிந்ததும் பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு நடந்தேன். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் “சாரநாத்” என்ற ஒரே சொல்லைச் சொன்னேன். அவர்கள் கையைக் காட்டிய பக்கம் போனேன்.

செங்கல் அடித்தளங்கள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. ஒரு ஆள் படுத்தால் நிறைந்துவிடும் அறைகள். ஒன்றில் இறங்கி உட்கார்ந்தேன். எந்த பிக்கு அங்கே இருந்தாரோ, அவர் என்ன சாதியோ, யார் கேட்டிருப்பார்கள்? பிறகு அங்கே நிற்கும் பெரிய வட்டத் தூபியை மூன்று முறை சுற்றினேன். முதல் சுற்று எனக்கு. மற்ற இரண்டும் உனக்கு.

பக்கத்தில் புதிதாகக் கட்டிய விகாரை, அதாவது புத்தர் கோயில், ஒன்று இருக்கிறது. பழக்கம் விடுமா? படிக்குக் கீழேயே நின்று கும்பிட்டேன். மஞ்சள் அங்கி போட்ட பிக்கு ஒருவர் வந்து எந்த ஊர் என்று இந்தியில் கேட்டார் போல. தமிழில் சொன்னேன். அவர் இலங்கைக்காரர், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர்.

“ஏன் வெளியில நிற்கிறீங்க? உள்ளே வாங்க அம்மா.”

வாங்க என்றார் அண்ணா. எந்தக் கோயில் வாசலில் இந்த வார்த்தை நம் காதில் விழுந்திருக்கிறது? உள்ளே போனேன். பொன்னிறமான புத்தர் முன்னால் விளக்கேற்றி, நீ எழுதி அனுப்பிய பஞ்சசீலத்தை, அந்த ஐந்து உறுதிமொழிகளை, ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். பிக்குவும் கூடச் சொன்னார். என் குரல் அந்த மண்டபம் முழுக்கக் கேட்டது.

பொழுது சாயுமுன் சத்திரத்துக்குத் திரும்பினேன். அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். “உள்ள உட்டாங்களா?” என்றுதான் கேட்டார்.

“வாங்கன்னு கூப்ட்டாங்கம்மா.”

மறுநாள் காலையில் அம்மா தானும் பார்க்க வேண்டும் என்று வண்டி பேசச் சொன்னார். அங்கே வழி தெரிந்தவள் நான்தான். நான் முன்னால் நடக்க அவர் பின்னால் வந்தார். தூபியின் முன்னால் நின்று, “எந்தப் பக்கமா சுத்தணும் முனியம்மா?” என்று கேட்டார். வலப்பக்கமாக என்று காட்டினேன். இரண்டு பேரும் ஒன்றாகச் சுற்றினோம்.

ஊருக்கு வந்ததும் நம் தெருவே கூடிவிட்டது. உன் மகள் சின்னப்பொண்ணு என் மடியை விட்டு இறங்கவில்லை. எத்தனை முறை சொன்னாலும் திரும்பச் சொல்லச் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன், முதல் வரிசையில் உட்காருகிறாள்.

அடுத்த முறை யார் வீட்டு மூட்டையும் என் தலையில் இருக்காது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்தப் படியேறுவேன். இது சத்தியம்.

உன் ஒரே தங்கச்சி,
முனியம்மா