பலாக்கொட்டை மூக்குக்காரர்

டாக்டர் ஐயா,

இன்று காலை மருமகள் புதுச் சோப்பு ஒன்றைப் பிரித்தாள். கார்பாலிக் வாசனை. உடனே முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்கள் வார்டுக்குள் நுழையும்போது எப்போதும் உங்களுக்கு முன்னால் வருவது அந்த வாசனைதானே!

அப்போது வெள்ளைக்காரர் ஆட்சி. கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்துக் காரவள்ளியில் இருந்து நடந்தே மேலே ஏறி, நம் சின்ன ஆஸ்பத்திரிக்கு நர்சாக வந்தேன். நீங்கள் சேலத்துக்காரர். சிரித்து நான் பார்த்ததில்லை. "அமைதிதான் பாதி மருந்து" என்பீர்கள். வார்டில் யாராவது தும்மினால்கூடத் திரும்பிப் பார்ப்பீர்கள்.

அந்த அமைதிக்குள்தான் செல்லி வந்தாள். மலையிலேயே திண்ணனூர் நாடு என்கிற பகுதிச் சிறுமி. கொதிக்கிற சாமைக் கஞ்சி காலில் கொட்டி, தொடை வரை வெந்திருந்தது. கட்டுப் பிரிக்கும்போது அவள் போடும் கூச்சலுக்கு அவள் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். கல்யாணத்தில் மாப்பிள்ளையை ஏசும் மெட்டில் உங்களை ஏசினாள்.

"பலாக்கொட்ட மூக்குக்காரன் பஞ்செடுத்து வாராண்டி
பல்லுக்காட்டிச் சிரிக்கச் சொன்னா பயந்துபோயி நிப்பாண்டி"

செல்லி சிரித்தாள். அந்த நேரத்தில் நான் கட்டைப் பிரித்துவிட்டேன். மறுநாள் காய்ச்சல் பிள்ளைகள்கூடப் படுத்தபடியே சேர்ந்து பாடினார்கள். வாசலில் நீங்கள்!

"இது ஆஸ்பத்திரியா, கல்யாண வீடா?" என்றீர்கள். பாட்டு நின்றது.

அதன்பின் செல்லி யாரையும் காலைத் தொட விடவில்லை. என் மணிக்கட்டைக் கடித்தாள். கட்டு மாற்றாமல் புண்ணில் நாற்றம் எடுத்தது, காய்ச்சல் ஏறியது. "இப்படியே விட்டால் கால் போய்விடும், நர்ஸ்" என்று நீங்கள் மெதுவாகச் சொன்னபோது உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவள் அம்மா உங்கள் முன்னால் வந்து நின்றாள். "ஏனுங்க சாமி, எங்க ஊட்டுக் கல்யாணத்துல மாப்பிள்ளைய இதவிட மோசமா ஏசுவோமுங்க. கோவிச்சுக்கிட்டுத் தாலி கட்டாம போனவன் ஒருத்தனும் இல்லீங்க."

நீங்கள் மூக்கைத் தடவிக்கொண்டீர்கள். "சரி, பாடுங்கள்" என்றீர்கள்.

செல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ பாடு."

ஐயா, அந்தக் காட்சிக்காக இன்னொரு முறை அந்த மலையை நடந்தே ஏறுவேன். கண்ணை மூடினீர்கள். சின்ன வயதில் பாட்டு வாத்தியாரிடம் கற்ற கல்யாணி ராகத்தை எடுத்து, "பலாஆஆ..." என்று ஆலாபனையே தொடங்கிவிட்டீர்கள். கொட்டைக்கு வருவதற்குள் வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"அய்யே! ஒப்பாரியாட்டம் இருக்குது. இப்படிப் பாடோணும்" என்று செல்லி தானே பாடிக் காட்டினாள். நீங்கள் தப்பாகவே திருப்பிப் பாடினீர்கள். அவள் திட்டித் திட்டித் திருத்தினாள். வெந்நீரில் நனைத்து, ஒட்டியிருந்த துணியை உங்கள் கை உரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு இடத்தில் "ஐயோ" என்றாள். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

தினமும் கச்சேரி நடந்தது. புண் ஆறியது. செல்லி சற்றுச் சாய்ந்து நடந்தாலும் தன் காலாலேயே ஊருக்குப் போனாள். வழியனுப்பும்போது அவள் அம்மாவிடம், "என் மீசையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே" என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள்.

அன்று கை கழுவியபடி என்னிடம் சொன்னீர்கள்: "வலிக்கிற குழந்தைக்குத் திட்ட ஒரு ஆள் வேணும், நர்ஸ். நாம இருந்துட்டுப் போவோம்."

நீங்கள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. நான் வேலை பார்த்த ஊரிலெல்லாம் பிள்ளைகள் என்னைப் பாட்டாகவே திட்டினார்கள். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் காலில் முள். மிச்சமிருக்கும் என் பற்களைப் பற்றி நானே ஒரு வரி எடுத்துக் கொடுத்தேன். அவன் அடுத்த வரியைக் கட்டி முடிப்பதற்குள் முள் என் கையில் இருந்தது. அவன் வரி என் வரியைவிட மோசம். இரண்டு நாளாக அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன்.