கிழக்குக் கேலரியின் மஞ்சள் பொட்டுகள்

அன்புள்ள உங்களுக்கு,

கிழக்குப் பக்கம்தான். "எந்தக் கேலரில உக்காந்தீங்க?" என்று போனில் கேட்டீர்கள். நான் பதில் சொன்னதும் இணைப்பைத் துண்டித்துவிட்டீர்கள். அதிலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது.

இங்கே எல்லோரும் நலம். பாப்பாவுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை.

கால்பந்து அரையிறுதிக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வருவோர் போவோரிடமெல்லாம், "இந்த கேலரி என் பையன் கட்டுனது, யானையே ஏறலாம்" என்றார். பக்கத்து இருக்கைக்காரர், "அப்ப உங்களுக்கு டிக்கெட்டே கேட்டிருக்கக் கூடாதே" என்றார். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பாப்பா விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. நம் ஊர் அணி முதல் கோல் போட்டபோது மூவாயிரம் பேரும் ஒன்றாகக் குதித்தோம். நானும் குதித்தேன். சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும்.

இடைவேளையில் விசில் பலகை இடுக்கில் விழுந்துவிட்டது. எடுக்க நான் கேலரிக்கு அடியில் போனேன்.

குழாய்கள். கோடு கோடாக வெளிச்சம். தலைக்கு மேல் செருப்புகள். குழாய்களைப் பிணைக்கும் ஒவ்வொரு கிளாம்பிலும் மஞ்சள் பொட்டு. நட்டை முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளம் அது. நீங்கள் சொல்லித்தான் தெரியும். உங்கள் வழக்கமும் தெரியும். மற்றவர்கள் முறுக்கிவிட்டுப் பொட்டு வைப்பார்கள். நீங்கள் ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, அப்புறம் ஸ்பேனரை எடுப்பீர்கள். நேரம் மிச்சம் என்பீர்கள்.

கடைசி வரிசையில் சாய்ந்து, விசிலுக்குக் கை நீட்டினேன். மறு கை பிடித்திருந்த நட்டு கையோடு சுழன்றது. அடுத்ததும். அதற்கடுத்ததும். பதினொன்று. எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது.

நீங்கள் இந்தக் கேலரியைக் கட்டிக்கொண்டிருந்த அன்று மதியம், பள்ளியில் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று உங்களைக் கூப்பிட்டது நான். போட்டது போட்டபடி ஓடி வந்தீர்கள். மறுநாளே வெளியூரில் புது வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். சோதிக்க வந்தவர் பொட்டைப் பார்த்திருப்பார். நட்டைத் தொட்டிருக்க மாட்டார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. மேலே தாளம் போட்டு மிதித்தார்கள். குழாய் முனகியது. விரலால் முறுக்கிப் பார்த்தேன். விரல் எந்த மூலைக்கு?

மேலே ஓடி, வீட்டுக்குப் போகலாம் என்றேன். மாமா சிரித்தார். "என் பையன் கட்டுன எடத்துலேர்ந்து பாதியில எந்திரிச்சுப் போவேனாம்மா?" என்றார். உண்மையைச் சொல்லவில்லை. பாப்பாவுக்கு வயிற்றுவலி என்றேன். பாப்பா என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

நம் வீட்டு ஆட்களை மட்டும் இறக்கிக்கொண்டு வந்தேன். மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் நின்று, ஆட்டம் முடிந்து கடைசி ஆள் இறங்கும்வரை கேலரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

நாளை இறுதிப் போட்டி. அதே கேலரி. சலவைச் சட்டை மறுபடி கொடியில் காய்கிறது.

உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. இல்லையென்றால் ஏன் எந்தக் கேலரி என்று கேட்டீர்கள்? பயம்தானே. எனக்கும் அதே பயம்தான். வேலை போகும். அதற்கு மேலும் ஆகலாம். மாமாவின் முகத்தை யார் பார்ப்பது?

காலை ஏழு மணிக்கு ஒருமுறை கூப்பிடுவேன். நீங்கள் எடுத்து, நீங்களே மைதானத்துக்காரர்களிடம் சொன்னதாக இருக்கட்டும். இதை நீங்கள் படிக்கும்போது அந்த ஏழு மணி கடந்திருக்கும். தெரிந்தும் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உயரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையை மறக்காதீர்கள். எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள். என்னை வெறுத்துவிடாதீர்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
பாப்பாவின் அம்மா

பி.கு.: ஏழு மணிக்கும் உங்கள் போன் அணைந்தே இருந்தது. உறையை ஒட்டுமுன் மைதான அலுவலகத்துக்குப் போனேன். பதினொன்றையும் காட்டினேன். யார் கட்டியது என்று கேட்டார்கள். உங்கள் பெயரைச் சொன்னேன்.